31 சதவீதத்தில் தானாக இறங்கிய ட்ரோன்: 14 மாதம் பறக்கவிட்டபின் எழுதுவது

இந்த ட்ரோனை வாங்கி 14 மாதம் ஆகிறது. மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்கிற ரகம். கூடவே 3 பேட்டரி, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சார்ஜ் செய்யும் ஒரு ஹப், திரை வைத்த ரிமோட். வாங்கிய முதல் மாதமே விமர்சனம் எழுதி ஐந்துக்கு ஐந்து போட இருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். நல்லவேளை. கம்பெனி பெயரையும் மாடலையும் எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகிற குறை இந்த ஒரு மாடலோடு நிற்பதில்லை, உங்கள் கையில் இருப்பது வேறாக இருந்தாலும் பாதிக்கு மேல் அதற்கும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கேமரா நன்றாக இருக்கிறது. காற்றில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. சிக்னல் எனக்கு ஒரு தடவைகூட அறுந்ததில்லை. சத்தமும் பழைய ட்ரோன்களைவிடக் குறைவு. இதையெல்லாம் விரிவாக எழுதவும் வீடியோ போடவும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேட்டரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் தூரமாகப் பறக்கிறவனுக்கு ட்ரோன் என்பதே ஒரு பேட்டரியும் அதைச் சுற்றி நான்கு மோட்டாரும்தான்.

பெட்டியின் மேல் 42 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அது பொய் என்று சொல்ல முடியாது, கீழே பொடி எழுத்தில் காற்றே இல்லாத இடத்தில், ஒரே சீரான வேகத்தில், 100-லிருந்து 0 வரை ஓட்டிப் பார்த்த கணக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி யார் பறக்கவிடுகிறார்கள்? யாராவது 0 சதவீதத்தில் ட்ரோனை இறக்குவார்களா? எனக்கு உருப்படியாகக் கிடைப்பது 25 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரிக்குள் 4 செல் (ஒன்றோடொன்று கோத்த சிறு பேட்டரிகள்), மொத்தம் 15.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி, பெருக்கினால் 77 வாட்-மணி. இந்த 77-ஐ நினைவில் வையுங்கள், விமானத்தில் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நீர்த்தேக்கத்தின் கரை ஓரிடத்தில் சரிந்திருந்தது, அதைப் படம் எடுத்துத் தர வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து அந்தச் சரிவு 2.6 கிலோமீட்டர். பெரும்பாலான நாடுகளில் ட்ரோன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்தான் இருக்க வேண்டும், அதைத் தாண்ட வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும். அன்று அனுமதி இருந்தது, வழியில் இரண்டு நண்பர்களை வாக்கி டாக்கியோடு நிறுத்தியிருந்தேன். குளிரான காலை, காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசியது. போகும்போது ட்ரோன் வினாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் அலட்டாமல் போனது, 3 நிமிடம் 20 வினாடியில் சேர்ந்துவிட்டது. அங்கே பத்தரை நிமிடம் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். 52 சதவீதத்தில் திருப்பினேன். பாதிக்கு மேல் இருக்கிறதே, இதைவிடப் பத்திரமாக யார் திரும்புவார்கள் என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. வேகம் 13-லிருந்து 7-க்கு விழுந்தது. ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளியும் அதற்கு மேல் ஏறவில்லை. அப்படியே நாலரை நிமிடம் வந்தது. எனக்கும் அதற்கும் நடுவே இன்னும் 700 மீட்டர் சொச்சம்தான், திரையில் 31 சதவீதம், திடீரென்று ரிமோட் விடாமல் அலறத் தொடங்கியது. திரையில் சிவப்புப் பட்டை: பேட்டரி மிகவும் குறைவு, தரையிறங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே, ஒரு கூச்சமும் இல்லாமல், 31 சதவீதம் என்ற எண்ணும் நிற்கிறது. வாக்கி டாக்கியில் நண்பன் கத்துகிறான், "டேய், உன் ட்ரோன் கீழ இறங்குதுடா, அடியில தண்ணிடா!" நான் என்ன சொல்வது? "நான் இறக்கலடா, அதுவா இறங்குது."

ரத்து செய்யும் பொத்தானைத் தேடினேன். இல்லை. வீடு திரும்புவதை, அதாவது கிளம்பிய புள்ளிக்குத் தானாகத் திரும்பி வருவதை, ரத்து செய்யலாம், அதற்குப் பத்து வினாடி அவகாசமும் கொடுப்பார்கள். இந்தக் கடைசிக் கட்ட இறக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 80 மீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 3 மீட்டர் என்று இறங்கினால் 27 வினாடியில் தண்ணீருக்குள் இருக்கும். கையேட்டில் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது: இறக்கத்தை நிறுத்த முடியாது, ஆனால் ஸ்டிக் வேலை செய்யும், பக்கவாட்டில் நகர்த்தலாம், மேலே தள்ளினால் இறங்கும் வேகம் குறையும். கரை இடது பக்கம் சுமார் 120 மீட்டர். வீட்டு ஆசையை விட்டுவிட்டு இடது பக்கம் திருப்பினேன். மேலே தள்ளும் ஸ்டிக்கைப் பாதி மட்டுமே தள்ளினேன், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். கரையில் புதர்களுக்கு நடுவே சரளைக்கல் மேல் விழுந்த மாதிரி இறங்கியது. ஒரு ப்ரொப்பல்லர் உடைந்தது. போய்த் தேடி எடுக்க 20 நிமிடம் ஆனது. கை நடுக்கம் நிற்க அதைவிட அதிக நேரம் ஆனது.

அன்று இரவே லாக் கோப்பை இறக்கிப் பார்த்தேன். இந்த வகை ட்ரோன்கள் வினாடிக்குப் பல தடவை எல்லாவற்றையும் எழுதி வைக்கின்றன, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ் உட்பட. எச்சரிக்கை வந்த நொடியில் நான்கு செல்களும் இருந்த நிலை: 3.62, 3.61, 3.63, நான்காவது 3.19. அவ்வளவுதான் கதை. மூன்று பேர் நன்றாக இருக்கிறார்கள், ஒருவர் மயங்கி விழப் போகிறார். கடைசிக் கட்ட இறக்கத்தைத் தொடங்கி வைப்பது சதவீதம் இல்லை, எந்தச் செல் மிகக் கீழே இருக்கிறதோ அதன் வோல்டேஜ். இதில் அந்தக் கோடு 3.2 என்று லாக்கைப் பார்த்தாலே தெரிகிறது. லித்தியம் பாலிமர் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், கொஞ்சம் உயர்ந்த ரகத்தில் 4.4 வரை இருக்கும், 3-க்குக் கீழே போனால் உள்ளே நிரந்தரச் சேதம் தொடங்கும். அதனால் 3.2-இல் கோடு போட்டது தப்பே இல்லை. ட்ரோன் எடுத்த முடிவு சரி. எனக்குக் காட்டிய 31 தான் தப்பு.

ஏன் தப்பு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. நான்கு செல்லும் ஒரே சரத்தில் கோத்தவை, அதனால் நான்கிலும் ஓடும் கரண்ட் ஒன்றே. பேட்டரிக்குள் இருக்கும் சிப் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று மொத்தமாக எண்ணிக்கொண்டே இருக்கிறது, அந்தக் கணக்கைத்தான் சதவீதமாகக் காட்டுகிறது. நான்கு பேர் ஒரு கட்டிலை ஆளுக்கொரு காலாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். பாதி வழி வந்தாயிற்று, இன்னும் பாதி போகலாம் என்பது மூவரின் கணக்கு. நான்காமவருக்குக் கை விட்டுப்போனால் கட்டில் கீழேதான். மீதி மூவரின் பலத்தைச் சேர்த்துச் சராசரி போட்டு என்ன பிரயோஜனம்?

கை விட்டுப்போவது எப்படி என்பதையும் எண்ணில் சொல்கிறேன். செல்லுக்குள் ஒரு மின்தடை இருக்கிறது, வயதாக ஆகக் கூடும், குளிரில் இன்னும் கூடும். எதிர்க்காற்றில் என் ட்ரோன் இழுத்தது ஏறக்குறைய 14 ஆம்பியர். ஆரோக்கியமான செல்லின் தடை 8 மில்லிஓம் என்றால் 14-ஐயும் 0.008-ஐயும் பெருக்கினால் 0.11 வோல்ட் சரிவு. பாரம் இல்லாதபோது, அதாவது மோட்டார் கரண்ட் இழுக்காதபோது, 3.73-இல் இருந்த செல் 3.62 காட்டும், லாக்கில் இருந்ததும் அதுதான். நான்காவது செல் தரையிறங்கி மோட்டார் நின்றபிறகு 3.61-க்கு ஏறிக்கொண்டது. அப்படியென்றால் பாரத்தில் 0.42 வோல்ட் சரிந்திருக்கிறது, தடை 30 மில்லிஓம். மற்றவற்றைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மேலே தள்ளும் ஸ்டிக்கை ஏன் பாதி மட்டும் தள்ளினேன் என்பதும் இப்போது புரிந்திருக்கும்: முழுக்கத் தள்ளினால் கரண்ட் எகிறும், கரண்ட் எகிறினால் அந்த நோஞ்சான் செல் இன்னும் கீழே போகும், அதற்குப் பிறகு இறக்கமே கிடையாது, கல் விழுகிற மாதிரி விழ வேண்டியதுதான். அந்த நேரத்தில் இவ்வளவு யோசித்தேன் என்று சொன்னால் பொய், கை பயத்தில் பாதியில் நின்றுவிட்டது. கணக்குப் போட்டது அப்புறம்தான்.

அந்தச் செல் ஏன் கெட்டது? கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் பாதிக் குற்றம் என்னுடையது. மற்ற இரண்டு பேட்டரிகளை அடிக்கடி பயன்படுத்துவேன், இது மூன்றாவது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எப்போதும் முழு சார்ஜில் வைத்திருந்தேன். லித்தியம் பேட்டரியை முழு சார்ஜில், அதுவும் சூட்டில், மாதக்கணக்கில் வைப்பது அதற்கு மெல்ல விஷம் வைப்பது மாதிரி. செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம், அதாவது ஏறக்குறைய பாதி சார்ஜில் வைக்க வேண்டும். இதற்காகவே பேட்டரிக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது, சில நாள் தொடாமல் வைத்தால் தானே மெதுவாக வடித்து அந்த அளவுக்கு வந்துவிடும். என் பேட்டரியில் அது ஏன் நடக்கவில்லை என்று கையேட்டைப் புரட்டினால், பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குமாம். நான் என்ன செய்தேன்? இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை அலமாரியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, நான்கு விளக்கும் எரிகிறதா என்று பார்த்து, திருப்தியாக மூடி வைத்தேன். மாதக்கணக்கில்.

இந்தத் தகவல் கையேட்டில் எங்கே இருக்கிறது தெரியுமா? சார்ஜ் செய்யும் பகுதியிலும் இல்லை, பாதுகாப்புப் பகுதியிலும் இல்லை, விளக்குகள் எப்படிச் சிமிட்டும் என்று சொல்லும் அட்டவணைக்குக் கீழே ஒற்றை வரி. இது கம்பெனியின் குற்றம்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஜிபிஎஸ் பிடித்துப் பறக்கும் ட்ரோன் தரையை வைத்துத்தான் வேகத்தைப் பார்க்கிறது. பின்காற்று இருந்தால் கொஞ்சம் சாய்ந்தாலே 13 வந்துவிடும், மோட்டாருக்கு வேலை குறைவு, பேட்டரி எண் மெதுவாக இறங்கும், நமக்கு ஏதோ நல்ல நாள் போலிருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும், ட்ரோன் தன்னால் முடிந்த அளவு சாய்ந்துவிடும், அதற்கு மேல் சாய அனுமதி இல்லை. 2.6 கிலோமீட்டரை வினாடிக்கு 7 மீட்டரில் கடக்க 6 நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம், நிமிடத்துக்கு ஆகும் செலவும் கூடுதல். போகிற செலவை வைத்து வருகிற செலவைக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். உயரத்தில் காற்று அதிகம், எனவே தடங்கல் இல்லாத இடத்தில் கீழே இறங்கி வருவது பலன் தரும். இப்போதெல்லாம் முதலில் எதிர்க்காற்றில் போகிறேன், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். படம் எடுக்க வேண்டியது காற்று போகிற பக்கம் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

ஆட்டோ லேண்டிங் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளே பல சங்கதிகள் கலந்திருக்கின்றன. சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்று நாமே அமைப்பில் வைத்திருப்போம்: வீடு திரும்பு, அங்கேயே நில், அல்லது இறங்கு. வாங்கியதும் இதை ஒரு தடவை பாருங்கள், பழைய ட்ரோனை வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள், முந்தைய ஆள் "இறங்கு" என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் ஏரி நடுவில்தான் உங்களுக்குத் தெரியும். படகிலிருந்து கிளப்புகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து, ட்ரோன் திரும்பி வருவது கிளம்பிய புள்ளிக்கு, படகு அதற்குள் வேறெங்கோ போயிருக்கும். அப்புறம், போதுமான சார்ஜ் இருக்கும்போதே "இப்போது கிளம்பினால்தான் வீடு சேரலாம்" என்று ட்ரோனே கணக்குப் போட்டுச் சொல்வது ஒன்று. இந்தக் கணக்கு எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் அதற்கு அடிப்படை அதே சதவீதம்தான், அடித்தளம் தப்பென்றால் மேலே கட்டியதும் தப்பு. என் விஷயத்தில் அந்த எச்சரிக்கை வரவே இல்லை. அதன் கணக்கில் 31 சதவீதத்தோடு 700 மீட்டர் என்பது விளையாட்டு.

பேட்டரி காட்டுகிற எண்ணை நம்பி மோசம் போனது நான் மட்டுமில்லை. 2018 அக்டோபரில் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் டிபி50, டிபி55 பேட்டரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. டிஜேஐ என்ற ட்ரோன் கம்பெனியின் மேட்ரிஸ் 200 வரிசையிலும் இன்ஸ்பயர் 2-இலும் போடுகிற பேட்டரிகள் அவை, விளையாட்டுச் சாமான் இல்லை, தொழில்முறை ட்ரோன்கள். போதிய சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவானில் மொத்த மின்சாரமும் போய்விட்ட சில சம்பவங்கள் நடந்திருந்தன. அதற்கு முன் 2016 நவம்பரில் கோப்ரோ என்ற கேமரா கம்பெனி தன் கர்மா ட்ரோன்களை, ஏறக்குறைய 2500, விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அங்கே செல் பிரச்சினைகூட இல்லை, பேட்டரியைப் பிடித்து வைக்கும் கொக்கி தளர்ந்து பறக்கும்போதே இணைப்பு விட்டுப்போனது. அடுத்த ஆண்டு கொக்கியைச் சரிசெய்து மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: பேட்டரியைப் போட்டு இரண்டு பக்கமும் "டக்" சத்தம் கேட்ட பிறகும் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். பேட்டரி லேசாக உப்பியிருந்தால் கொக்கி முழுக்க விழாது. வெளியே பார்த்தால் விழுந்த மாதிரியே இருக்கும்.

ஒரு நண்பர் ஆர்டுபைலட் என்ற திறந்த மூல ட்ரோன் மென்பொருளைப் போட்டுத் தானே கட்டிய ட்ரோன் வைத்திருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அதில் எந்த வோல்டேஜில் எச்சரிக்கை, எந்த வோல்டேஜில் கடைசிக் கட்டம், அப்போது இறங்குவதா திரும்புவதா என்று எல்லாவற்றையும் நாமே வைக்கலாம். வோல்டேஜ் ஒரு நொடி சரிந்ததும் பதற வேண்டாம், இத்தனை வினாடி தொடர்ந்து கீழே இருந்தால்தான் என்று அவகாசம்கூட உண்டு, வழக்கமாக 10 வினாடி. பாரத்தால் வரும் சரிவைக் கழித்துவிட்டுப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. அவ்வளவு சுதந்திரம் எல்லோருக்கும் வேண்டாம் என்று கம்பெனி நினைப்பது எனக்குப் புரிகிறது. சுதந்திரத்தைக் கொடுக்காவிட்டாலும் தகவலைக் கொடுக்கலாமே? நான்கு செல்லின் எண்களைத் திரையின் ஓரத்தில் காட்ட என்ன செலவாகும்? இந்த ஆப்பில் அவற்றைப் பார்க்க மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனு என்று மூன்று அடுக்கு போக வேண்டும், பறந்துகொண்டிருக்கும்போது யாரும் போக மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்குகிறேன்.

இப்போது என் வழக்கம் இப்படி. கிளப்பியதும் ஒரு நிமிடம் தலைக்கு மேலேயே நிறுத்தி, அந்த மூன்றடுக்கு மெனுவுக்குள் போய்ச் செல்களைப் பார்க்கிறேன். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அப்புறம் ஸ்டிக்கை விருட்டென்று மேலே தள்ளி, அந்த நொடியில் எந்தச் செல் மற்றவற்றைவிட ஆழமாகக் குதிக்கிறது என்று பார்க்கிறேன். சும்மா நிற்கும்போது நான்கும் நல்ல பிள்ளைகள், பாரம் வந்தால்தான் குட்டு வெளிப்படும். 0.1-க்கு மேல் வித்தியாசம் என்றால் அந்தப் பேட்டரியோடு தூரம் போவதில்லை. குளிர் நாளில் பேட்டரியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகிறேன், 20 டிகிரிக்கு வந்தபிறகுதான் கிளப்புகிறேன். திரும்புவது 60-இல், காற்று இருந்தால் 65-இல். வழியில் இறங்க இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைக்கிறேன், தண்ணீருக்கு நேர் மேலே போகாமல் கரையை ஒட்டியே வருகிறேன். சுற்றுவழி, ஆனால் இறங்கினாலும் தரை.

வீட்டுக்குள் இருக்கிற பேட்டரி பறக்கிற பேட்டரியைவிட ஆபத்தானது, அதையும் சொல்ல வேண்டும். இறங்கியதும் பேட்டரி கையைச் சுடும், அப்படியே சார்ஜரில் செருகக் கூடாது. இந்த ஹப் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் காத்திருக்கிறது, நல்ல விஷயம், எல்லாச் சார்ஜரும் அப்படியில்லை. படுக்கை மேலேயும் சோபா மேலேயும் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு என்ன சொல்வது. தரை ஓட்டின் மேல், பக்கத்தில் எரியக்கூடியது எதுவும் இல்லாமல், நாம் விழித்திருக்கும்போது. உப்பலைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி மேசை மேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உப்பியதைக் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம், உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் தீ. தானே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் தீ அது, அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும், நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே இருந்தால்தான் அடங்கும். கீழே விழுந்த ட்ரோனின் பேட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சில மணி நேரம் வெட்டவெளியில் தனியாக வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் செத்துவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், பல நேரம் முனைகள் மட்டும் அரித்துப்போய் உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கும், செத்தது என்று நினைத்துக் குப்பையில் போடுவோம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: 100 வாட்-மணி வரைக்கும் கைப்பையில் கொண்டுபோகலாம், 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்பே கேட்க வேண்டும், உதிரி பேட்டரி எதுவானாலும் கீழே அனுப்பும் பெட்டியில் கூடாது, முனைகள் மூடியிருக்க வேண்டும். நமது 77, அதனால் கவலை இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணிக்கை மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வேறு ஆள் செய்த பேட்டரி வாங்காதீர்கள். அதற்குள் இருக்கும் சிப் என்ன சொல்கிறதோ அதைத்தான் ட்ரோன் நம்பும்.

சர்வீஸ் பற்றிக் கேட்பீர்கள். லாக் கோப்போடு எழுதினேன். முதல் பதில், உங்கள் பேட்டரி சுழற்சி எண்ணிக்கை (முழுக்கச் சார்ஜ் ஏற்றி இறக்கிய கணக்கு) 61, இது இயல்பான தேய்மானம். நான் திருப்பி எழுதினேன், மற்ற இரண்டும் இதைவிட அதிகச் சுழற்சி ஓடியவை, அவற்றில் வித்தியாசம் 0.02 தான், அப்போது இது எப்படி இயல்பு? இரண்டாவது பதில், பேட்டரிக்கான உத்தரவாதம் ட்ரோனின் உத்தரவாதத்தைவிடக் குறைவு, உங்களுக்கு முடிந்துவிட்டது. இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள், அதில் குறை சொல்ல முடியாது, வேலைதான் நடக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. கிட்டத்தில் பறக்கவிட்டுக் கல்யாணம், வீட்டுமனை, சுற்றுலா என்று படம் எடுக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், இந்தப் பிரச்சினை உங்களுக்குத் தெரியக்கூட வராது. 2 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள் வாங்கினால் மூன்று பேட்டரியிலும் எண் எழுதி ஒட்டுங்கள், மாதம் ஒரு தடவை லாக்கைத் திறந்து ஒவ்வொன்றின் செல்களையும் பாருங்கள். போன மாதம் வந்த ஃபர்ம்வேரில் (ட்ரோனுக்குள் ஓடும் மென்பொருளில்) செல் வித்தியாசத்துக்கு ஒரு மஞ்சள் எச்சரிக்கை சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையாக ஏற்றினேன். வந்திருக்கிறது. அதே மூன்றாவது அடுக்கு மெனுவில். என் மூன்றாம் பேட்டரி, மேலே கருப்பு மார்க்கரில் பெருக்கல் குறி போட்டு, சார்ஜை வடித்து, மின்கழிவு எடுக்கிறவர்கள் வரும் நாளுக்காக வெளியே ஒரு மண் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று அந்தப் பக்கம் போனபோது பழக்க தோஷத்தில் அதன் பொத்தானை அழுத்திவிட்டேன்.